மிராசு வாங்கிய அறை

குத்தாலத்தில் நாங்கள் கொட்டகை போட்டது குறுவை அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால். பிரித்தது சம்பாவும் அறுத்து முடிந்து, வயலில் உளுந்து பூத்த பிறகு. அத்தனை மாதமும் ஒரே நாடகம். அத்தனை மாதமும் நான்தான் மிராசுதார். அத்தனை மாதமும் ஒருத்தன் என்னைக் கன்னத்தில் அறைந்தான். அறைய வேண்டும் என்று நாடகத்தில் எழுதியிருந்தது உண்மை. நிஜமாக அறைய வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

அவன்தான் எங்கள் கதாநாயகன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நாடகக்காரன் வாழ்க்கை என்றால் விளக்கும் மாலையும் என்று நினைப்பவர்கள் எங்கள் ஜாகையைப் பார்த்திருக்க வேண்டும். ஓடாமல் நின்றுபோன ஒரு ரைஸ்மில்லின் கிடங்கில் படுத்திருந்தோம். எழுந்தால் தலையெல்லாம் உமி. வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் கம்பெனி மெஸ்ஸில் பழைய சோறும் ஊறுகாயும். பிறகு அவரவர் உடுப்பை அவரவர் வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். முந்தின நாள் வேர்வையில் நனைந்த பட்டு வேட்டி நாற்றம் போக வேறு வழியில்லை. சாயங்காலம் அரிதாரம். வயிறு பெருக்கப் பழைய வேட்டிகளைச் சுருட்டி இடுப்பில் கட்டுவேன். மீசையை ஸ்பிரிட் கம் வைத்து ஒட்டுவேன். தினமும் ஒட்டிப் பிய்த்து மேல் உதடு புண்ணாகவே இருக்கும். அந்தப் புண்ணோடு வெற்றிலை போட்டு, சுண்ணாம்பு எரிய எரிய வசனம் பேச வேண்டும். இதெல்லாம் தொழிலோடு வந்த கஷ்டம். இதற்கெல்லாம் நான் யாரையும் நொந்துகொண்டதில்லை.

மிராசு வேஷம் எனக்குப் பிசகாமல் வரும். காரணம் இருக்கிறது. என் அப்பா பூதலூர் பக்கத்தில் ஒரு பண்ணையில் பண்ணையாள். எங்கள் வீடு சேரியில். எங்கள் மிராசுதாரை நான் வரப்பில் நின்றும் களத்து மூலையில் நின்றும் பார்த்து வளர்ந்தவன். திட்டுவதற்கு முன்னால் அவர் எப்படிச் செருமுவார், விரலில் மீந்த சுண்ணாம்பை எந்தத் தூணில் தடவுவார், யாரையும் பார்க்காமலே எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த நேரத்தில் கை ஓங்குவார் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் எங்களால் பிழைத்திருக்க முடியாது. அதையெல்லாம் அப்படியே மேடையில் கொட்டினேன். பார்த்தவர்கள் நான் பெரிய பண்ணை வீட்டில் பிறந்தவன் என்றே நினைத்தார்கள்.

கம்பெனியில் சேர்ந்த அன்று முதலாளி, "எந்தப் பக்கம்ப்பா, என்ன ஆளுங்க?" என்று கேட்டார். "பூதலூருங்க, விவசாயக் குடும்பம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மெஸ்ஸில் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. சுவருக்குச் சுவர் புது ஆட்சியின் வாசகம். ஆனால் வயலில் பழைய சண்டைதான். கூலி நெல்லைக் கூட்டிக் கொடு என்று விவசாயத் தொழிலாளர்கள் கேட்டார்கள். முடியாது என்று மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. ரைஸ்மில் முனையில் எப்போதும் ஒரு போலீஸ் வேன். ஊர் கலவரமாக இருக்கிறது, சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று போலீஸ் சொல்லிவிட்டதால், பொழுது சாயும்போதே நாடகத்தைத் தொடங்கிவிடுவோம்.

அந்த ஊரில், அந்த நேரத்தில், மிராசுதாரைப் பண்ணையாள் எதிர்த்து நிற்கிற நாடகம். கூட்டத்துக்குக் கேட்பானேன்! பகலில் அடி வாங்கியவர்கள் சாயங்காலம் திரும்ப அடிக்க வந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டிய மிராசுதார் நான் ஒருத்தன்தான். வேஷத்தைக் கலைத்துவிட்டு வெளியே வந்தாலும் விடமாட்டார்கள். வாய்க்கால் கரையில் துணி துவைக்கும் பெண்கள் என்னைக் கண்டதும் மண்ணை வாரித் தூற்றுவார்கள். நாவிதர் எனக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சவரம் செய்துவிட்டு, "கத்தி மழுங்கிருச்சு" என்பார். மறுபக்கம், மிராசுதார்களின் காரியஸ்தர்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து என்னை முறைப்பார்கள். ஒருத்தர் வழியில் மறித்து, "எங்க ஐயாவைக் கிண்டல் பண்றியா? முதுகுத் தோலு பத்திரம்" என்றார். அவருடைய ஐயா யார் என்றே எனக்குத் தெரியாது.

இனி அந்த அறைக்கு வருகிறேன். இரண்டாம் பாதியில், பண்ணையாளாக வரும் கதாநாயகன் மிராசுதாரை அறைவான். மிராசுதார் அவன் காலடியில் விழுவார். மேடையில் அறைய ஒரு முறை இருக்கிறது. அறைகிறவன் கையை வீசிக் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த வேண்டும். வாங்குகிறவன் முகத்தை வெட்டித் திருப்ப வேண்டும். அதே நொடியில் மேடையோரத் தட்டிக்குப் பின்னால் தபேலாக்காரர் இரண்டு கையையும் சேர்த்துப் பளீரென்று தட்டுவார். பார்க்கிறவர்களுக்குக் கன்னம் கிழிந்த மாதிரி இருக்கும். சின்ன வேஷக்காரனுக்கும் தெரிந்த வேலை இது.

இவனுக்கும் தெரியும். முதல் வாரம் ஒழுங்காகத்தான் செய்தான். ஒருநாள் கை தவறிப் பட்டுவிட்டது. கொட்டகை எழுந்து நின்று விசிலடித்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அந்த அடி ஒருநாளும் தவறவே இல்லை. அறைவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வசனம் உண்டு: "நாற்று நட்ட கை இது! நாயாய் நடத்தினால் நாலு விரலும் பேசும்!" அந்தக் கை நாற்று நட்ட கை இல்லை. அவன் வீட்டில் அரிசி மண்டி. வெளியே போனால் ஆளும் கட்சிக் கரை வேட்டி கட்டுவான், பொதுக்கூட்டத்தில் சமத்துவம் பேசுவான். அடுத்த தேர்தலில் தனக்கு ஒரு சீட்டு நிச்சயம் என்று அவன் நம்பினான். என் கன்னத்தில் விழுந்த ஒவ்வொரு அறையும் அவன் கணக்கில் ஓட்டு.

படுதா விழுந்ததும் ஓடி வருவான். "அண்ணே, மன்னிச்சுக்குங்கண்ணே. நிக்கிற எடத்துல உணர்ச்சி வந்துடுது" என்று என் தோளில் கை போடுவான். என்னைவிட இளையவன், அதனால் அண்ணன். அந்த அண்ணேயைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அறை விழுவது எப்போதும் இடது பக்கம். முதலில் இரைச்சல் வந்தது. பிறகு வலி. பிறகு காலையில் தலையணையில் நீர் வடிந்த கறை. ஆஸ்பத்திரி டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "யாருய்யா உன்னை இப்படி அடிக்கிறது? இன்னும் வாங்கினா இந்தக் காது அவ்வளவுதான்" என்றார். நாடகத்தில் அறைகிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சிரிக்கிற விஷயம் இல்லை. எங்கள் நாடக வாத்தியார் நோட்டை வைத்துக்கொண்டு வசனத்தை எடுத்துக் கொடுப்பது இடது தட்டியிலிருந்துதான். மாதக்கணக்கில் ஒரே வசனத்தைப் பேசினாலும் நடுவில் ஒருநாள் மண்டை காலியாகும். தினமும் பேசுகிறவனுக்குத்தான் அது நடக்கும், எந்த நடிகனைக் கேட்டாலும் சொல்வான். அப்போது அந்தக் குரல் கேட்காவிட்டால் நடுமேடையில் விழிக்க வேண்டியதுதான். காது போனால் வேஷம் போகும். வேஷம் போனால் நான் திரும்பிப் போக வேண்டிய இடம் அந்தக் களத்து மூலை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் பொடியைப் போட்டுக்கொண்டு, "கூட்டம் அதுக்குத்தானேப்பா வருது?" என்றார். வாத்தியாரையாவது வலது பக்கம் மாற்றுங்கள் என்றேன். வலது பக்கம் கதாநாயகன் நுழைகிற வழி, அங்கே ஆள் உட்கார்ந்தால் அவனுக்கு இடைஞ்சலாம். கடைசியில் அவனிடமே கேட்டேன். "நெசமா அடிக்காத தம்பி. காது போவுது" என்றேன். "அய்யோ, இனிமே இல்லண்ணே, சத்தியமா" என்றான். அன்றைக்கு விழுந்த அறை முந்தைய நாளைவிடப் பலம்.

பயந்தபடியே ஒருநாள் நடந்தது. கோர்ட்டுக் காட்சியில் வசனம் மறந்து நின்றேன். வாத்தியார் மூன்று தடவை எடுத்துக் கொடுத்தாராம், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போய் எதையோ பேசி, எதிரே நின்றவர்களையும் குழப்பிவிட்டேன். படுதா விழுந்ததும் முதலாளி வந்தார். "காது கேக்காத ஆளை வெச்சு நான் என்னப்பா பண்றது? நம்ம காரியஸ்தன் வேஷக்காரன் உன் பாடத்தை முழுசா நெட்டுருப் போட்டு வெச்சிருக்கான். இன்னொரு தடவை இப்படி ஆச்சு, அவன்தான் மிராசு" என்றார். அவருக்குப் பின்னால் காரியஸ்தன் வேஷக்காரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

அந்த வாரமே சம்பா அறுப்புத் தகராறு முற்றியது. ஒருநாள் பகலில், வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியதைத் தடுக்கப் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. அன்று சாயங்காலம் கொட்டகை கொள்ளவில்லை. தலையில் கட்டுப் போட்டவர்களும் தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். அதைக் கண்டதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் அறைவதை நான் தடுக்க முடியாது. விழுவது என் கையில் இருக்கிறது. இன்றைக்கு விழப் போவதில்லை. மிராசு விழாவிட்டால் அவன் அடுத்த வசனத்தை எடுக்க முடியாது. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு முழிக்கட்டும்.

அறைந்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவன் காத்திருந்தான். வாத்தியார் தட்டியோரத்தில் வாயசைத்துக் கையால் கீழே காட்டினார். கூட்டம், "இன்னும் குடு! இன்னும் குடு!" என்று கத்தியது. எழுதாத இரண்டாவது அறையைக் கொடுத்தான். நின்றேன். அவன் கண்ணில் நடிப்பு போய்விட்டது. மூன்றாவது அதே காதில் விழுந்தது.

ஆற்றில் முங்கினால் மேலே கேட்கிற சத்தமெல்லாம் அடங்கிப்போகுமே, அப்படி அடங்கிப்போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலது காதில் உலகம் மெல்லத் திரும்பியபோது கொட்டகையில் விசில் இல்லை, கத்தல் இல்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்ததை நானும் குனிந்து பார்த்தேன்.

தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரம் என் கக்கத்தில் இருந்தது. நானேதான் எடுத்து மடித்து இடுக்கியிருக்கிறேன். இரண்டு கையும் நெஞ்சின் குறுக்கே கட்டியிருந்தது. முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, என் பார்வை அவன் கால் கட்டைவிரலில் இருந்தது. களத்தில் மிராசுதார் அடிக்கும்போது என் அப்பா இப்படித்தான் நிற்பார். எனக்கும் சின்ன வயதில் அடித்துப் பழக்கிய நிலை இது. இத்தனை வருஷம் பட்டுக் கட்டி, நாற்காலியில் சாய்ந்து, ஊரையே அதட்டிய உடம்பு, மூன்று அறையில் பழைய இடத்துக்கே போய் நின்றுவிட்டது. அந்த நொடியில் அவனைவிட என் உடம்பின் மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது.

எதிரே பாயில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்த மிராசுதாரும் துண்டைக் கக்கத்தில் இடுக்குவதில்லை. தலையில் கட்டோடு ஒருவர் எழுந்தார். தோளில் சிவப்புத் துண்டு, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"யோவ், கையக் கீழ போடுய்யா. அது நம்ம ஆளு."

பெண்கள் பக்கத்திலிருந்து, "அடிக்காதடா பாவி!" என்று ஒரு குரல் வந்தது. பிறகு பாய் பாயாக எழுந்தார்கள். கதாநாயகனின் கை தூக்கியபடியே நின்றது. அத்தனை நாள் அவனுக்கு விசிலடித்தவர்கள் அவனைத் திட்டினார்கள். முதலாளி மணியடித்துப் படுதாவைப் போட்டார்.

சிவப்புத் துண்டுக்காரர் நாலைந்து பேரோடு மேடைக்குப் பின்னால் வந்தார். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று முதலாளி கும்பிட்டுக்கொண்டு ஓடினார். வந்தவர் அவரைக் கவனிக்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"பூதலூர்ப் பக்கங்க."

"பூதலூர்ல எங்க?"

பழைய பதில் நாக்கு நுனியில் இருந்தது. கம்பெனி முழுக்கச் சுற்றி நின்றது. கதாநாயகன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஏற்கெனவே என் உடம்பு ஊர் பார்க்கச் சொல்லிவிட்டது, வாய் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"சேரிங்க. எங்கப்பா பண்ணையாளு" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "நின்னதுலயே தெரிஞ்சுது. இனிமே அப்படி நிக்காதீங்க தம்பி" என்றார். போய்விட்டார்கள். பாதியில் நின்ற நாடகம் அன்று அப்படியே முடிந்தது.

மறுநாள் முதலாளி என்னை மாற்றவில்லை. "உன்னை எடுத்தா கொட்டகையில ஒருத்தன் உக்கார மாட்டான்" என்று சலித்துக்கொண்டார். நாடகம் நடந்தது. அறைகிற இடம் வந்தது. அவன் கை வேகமாக வந்து, கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தபேலாக்காரர் மறந்துபோன பழக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டு கொஞ்சம் தாமதமாகத் தட்டினார். நான் விழுந்தேன். அவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் விழுந்ததில்லை. கூட்டத்துக்குப் பயந்துவிட்டான், காது பிழைத்தது என்று அழுகையே வந்தது. தட்டிக்குப் பின்னால் போனதும், இருந்த பகையை மறந்து, "ரொம்ப நல்லதுப்பா" என்று அவன் கையைப் பிடிக்கப் போனேன்.

"ஏய், தள்ளி நில்லுப்பா" என்றான்.

அண்ணன் ஒரே நாளில் காணாமல் போயிருந்தார். தண்ணீர்ப் பானைப் பக்கம் நான் திரும்பியதும் அவன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கூட்டத்துக்குப் பயந்து கையை நிறுத்தவில்லை. இத்தனை மாதம் என் கன்னத்தில் ஆசை தீரப் பதிந்த கை, என் தெரு தெரிந்ததும் என்னைத் தொடக் கூசியது. அடிப்பதற்குக்கூட நான் ஆகாதவனாகிவிட்டேன்.

நாடகத்தின் கடைசியில் மிராசுதார் திருந்தி, நிலத்தைப் பண்ணையாளுக்கே எழுதிக்கொடுப்பார். "மனிதனுக்கு மனிதன் இனி வேலி இல்லை!" என்று முழங்கிவிட்டுக் கதாநாயகன் அவரைக் கட்டித் தழுவ வேண்டும். எல்லா விளக்கும் எரியும், படுதா மெதுவாக இறங்கும். அன்றும் முழங்கினான். குரலில் குறை சொல்ல முடியாது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தவன், என் தோளுக்கு ஒரு சாண் வெளியே வளைத்து அப்படியே நிறுத்திக்கொண்டான். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தழுவின மாதிரிதான் தெரியும். கைதட்டலும் கிளம்பிவிட்டது.

என் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது. அன்று அதுவும் கேட்கவில்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்து அவனைச் சேர்த்துக் கட்டினேன். முதுகில் கையைப் பூட்டிக்கொண்டேன். அரிதாரமும் வேர்வையும் வெற்றிலை எச்சிலும் அப்பிய முகத்தை, கடைசிக் காட்சிக்கென்று அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் வைத்துத் தேய்த்தேன். அவன் திமிறினான். "விடுடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். நெல் சுமை தூக்கி வளர்ந்த கை என்னுடையது. படுதா தரையைத் தொடும்வரை விடவில்லை. பாயில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன புரிந்து தட்டினார்களோ, எனக்குத் தெரியாது.

அந்தச் சட்டையை அவன் மறுபடி போடவில்லை. முதலாளி புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் அதையும் கட்டிப் பிடித்தேன்.